ஒரு மணித்தியாலக் கணக்கு: மிகைமை வட்டணிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணனியின் வரலாறு என்று நாம் வாசிப்பது பெரும்பாலும் வேகத்தினதும் கொள்ளளவினதும் வரலாறே. எந்த ஆண்டில் எந்த இயந்திரம் எத்தனை மடங்கு விரைவாக இயங்கிற்று என்பது அட்டவணைகளிற் காணக்கிடைக்கும். அவ்வியந்திரம் பழுதுற்றபோது யாது செய்யப்பட்டது, யார் செய்தனர், அவ்வேளையில் எவை அழிந்தன என்பன அடிக்குறிப்புகளோடு நின்றுவிடும். பழுதுபார்ப்பின் வரலாறு தனியே எழுதப்படவேண்டியதொன்றாகும். அதன் ஒரு சிறு கூறே இக்கட்டுரையின் பொருள்.

பல வன்வட்டுக்களை ஒன்றுசேர்த்து, அவற்றுள் ஒன்று செயலிழந்தாலும் தரவு அழியாதவாறு அமைக்கப்படும் சேமிப்பு முறைமையை வட்டணி என்பர். வங்கிகள், வைத்தியசாலைகள், அரச திணைக்களங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் பதிவேடுகள் பெரும்பாலும் இத்தகைய அணிகளிலேயே தங்கியுள்ளன. ஒரு வட்டுப் பழுதுற்றால் அதனைக் கழற்றிவிட்டுப் புதியதொன்றைச் செருகவேண்டும். மிகுதியை முறைமை தானே செய்துகொள்ளும் எனக் கைந்நூல்கள் கூறும். ஆயின், தரவு முற்றாக அழிந்த நிகழ்ச்சிகளை ஆராயுமிடத்து, அழிவு முதல் வட்டுப் பழுதுற்ற கணத்தில் அன்றி, அதனை மாற்ற முனைந்த வேளையிலே நேர்ந்தமை பலவற்றிற் புலனாகின்றது. பரிகாரமே நோயாக மாறுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கான விடையின் பெரும்பகுதி 1988ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரையின் கணக்கொன்றில், யாரும் அதிகம் கவனியாத ஓர் எண்ணில் அடங்கியுள்ளது என்பதே எனது கருத்து.

முதலில் வட்டணியின் அடிப்படையை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஒரு மாணவனின் ஐந்து பாடப் புள்ளிகளும் அவற்றின் மொத்தமும் ஒரு தாளில் எழுதப்பட்டுள்ளன எனக் கொள்வோம். தாளில் நீர் பட்டு ஒரு பாடத்தின் புள்ளி அழிந்துவிட்டால், மொத்தத்திலிருந்து ஏனைய நான்கையும் கழித்து அதனைக் கண்டுகொள்ளலாம். மொத்தமே அழிந்தால் ஐந்தையும் கூட்டி மீண்டும் எழுதிவிடலாம். வட்டணியில் ஐந்து பாடங்களின் இடத்தில் ஐந்து வட்டுக்கள். மொத்தத்தின் இடத்தில் ஆறாவது வட்டு. கணனி உண்மையிற் கூட்டுவதில்லை. ஒரே வரிசையிலுள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதை மாத்திரம் பதிந்துகொள்கின்றது. இதனைச் சமத்தன்மை என்பர். தருக்கம் ஒன்றே.

இந்த உவமையில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒரு நேரத்தில் ஓர் எண் மாத்திரமே அழிந்திருக்கலாம். இரண்டு அழிந்தால் கணக்கு நின்றுவிடும். மற்றையது இதனினும் நுட்பமானது: அழிந்த ஓரெண்ணைக் காண்பதற்கு எஞ்சிய எல்லா எண்களும் ஐயமின்றி வாசிக்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். அதாவது, ஒரு வட்டை மீட்பதற்கு அணியிலுள்ள ஏனைய வட்டுக்கள் யாவற்றையும் தொடக்கம் முதல் இறுதிவரை பிழையின்றி வாசித்தாக வேண்டும். அன்றாடப் பயன்பாட்டில் எந்த அணியிடமும் நாம் இத்தகைய கடும் உழைப்பைக் கேட்பதில்லை. அணி மிக நலிந்திருக்கும் வேளையிலேயே அதனிடம் மிகக் கடுமையான வேலையை வாங்குகின்றோம்.

பழுதுறும் உறுப்புக்களைக் கொண்டு பழுதுறாத முழுமையை ஆக்கலாம் என்ற எண்ணம் வட்டணிக்கு முற்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய றிச்சட் ஹமிங் 1947 அளவில் வார இறுதி நாட்களில் ஓர் அஞ்சல்மின்சுற்றுக் கணனியைப் பயன்படுத்தி வந்தார். இயக்குநர்கள் இல்லாத அந்நாட்களில் இயந்திரம் பிழையொன்றைக் கண்டதும் அவரது வேலையைக் கைவிட்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிடும். பிழை உண்டென்பதைக் கண்டறியத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்குள்ளது என்பதைக் கண்டு திருத்திக்கொள்ள ஏன் முடியாது என்ற சினங்கலந்த வினாவிலிருந்தே 1950இல் அவர் வெளியிட்ட பிழைதிருத்தக் குறிமுறைகள் பிறந்தன. ஜோன் வொன் நொய்மன் 1952இல் நிகழ்த்தி 1956இல் அச்சேறிய விரிவுரைகள் இதே பொருளை நம்பகமற்ற உறுப்புக்களாலான நம்பகமான அமைப்புக்கள் என்ற பொதுநிலையில் ஆராய்ந்தன.

அதே 1956இலேயே ஐ.பி.எம். நிறுவனம் முதலாவது வணிக வட்டுச் சேமிப்பகத்தை அறிமுகஞ் செய்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுக்கள், ஏறத்தாழ ஒரு தொன் எடை, 50 இலட்சம் எழுத்துக்களுக்கான இடம். அதில் மிகைமை எதுவுமில்லை. பழுதுற்றால் பொறியியலாளர் வருவார். அதுவரை வேலை நிற்கும். அக்காலத்தில் மூலப்பதிவு துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்தமையால் வட்டின் பழுது தாமதத்தைத் தந்ததேயன்றிப் பேரிழப்பைத் தரவில்லை. வட்டிலுள்ளதே மூலம் என்ற நிலை பின்னர் படிப்படியாகத் தோன்றியது.

1974இல் நிறுவப்பட்ட ரண்டெம் கணனி நிறுவனம் வங்கிகளுக்கென நிற்காத கணனிகளை ஆக்கியபோது ஒவ்வொரு தரவையும் இரண்டு வட்டுக்களில் எழுதிற்று. கண்ணாடிப் பிம்பம் போன்ற இம்முறை எளியது, ஆயின் இரட்டிப்புச் செலவானது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த நோர்மன் கென் ஊச்சி பழுதுற்ற நினைவகத்திலுள்ள தரவைச் சமத்தன்மை கொண்டு மீட்கும் முறையொன்றுக்கு 1977இல் ஆக்கவுரிமை கோரி 1978இல் பெற்றார். எனவே வட்டணியின் தருக்கத்தை 1988ஆம் ஆண்டுக் கட்டுரை கண்டுபிடித்தது எனக் கூறுதல் பொருந்தாது. அக்கட்டுரை செய்தது வேறொன்று. சிதறிக் கிடந்த முறைகளுக்கு வகைப்பாடும் பெயரும் அளித்து, அவற்றுக்குப் பொருளாதார நியாயத்தையும் காட்டிற்று.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், காத் கிப்சன், றண்டி கற்ஸ் ஆகிய மூவரும் 1988 யூன் மாதம் சிக்காகோவில் நிகழ்ந்த தரவுத்தள மாநாட்டில் அதனைச் சமர்ப்பித்தனர். மிகைமையுடைய மலிவான வட்டுக்களின் அணி என்பதன் ஆங்கில முதலெழுத்துக்களால் அமைந்த றெயிட் என்ற பெயர் அங்கிருந்தே பரவிற்று. பெருங்கணனிகளுக்குரிய 14 அங்குல ஐ.பி.எம். 3380 வட்டகம் 7,500 மெகாபைற்றுத் தரவைக் கொண்டது. தனியாள் கணனிகளுக்குரிய 3.5 அங்குலக் கொனர் சி.பி.3100 வட்டு 100 மெகாபைற்று மாத்திரமே கொண்டது. ஆயின் பின்னையது ஒரு மெகாபைற்றுக்கான விலையில் முன்னையதிலும் குறைந்தது. சிறியவை பலவற்றை ஒன்றுசேர்த்தால் பெரியதொன்றை விஞ்சலாம் அன்றோ?

இங்குதான் தடை எழுந்தது. இருவகை வட்டுக்களும் சராசரியாக 30,000 மணித்தியாலம் பழுதின்றி இயங்குமென உற்பத்தியாளர் கூறினர். நூறு வட்டுக்களை ஒன்றுசேர்த்தால் அவற்றுள் ஏதாவதொன்று பழுதுறும் சராசரிக் காலம் 300 மணித்தியாலமாகக் குறைந்துவிடும். இரண்டு வாரங்கூட இல்லை. மலிவு கருதி ஆக்கிய அணி இவ்வாறாயின் எவரும் அதனை நாடார். ஆகவே மிகைமை வேண்டப்பட்டது. பத்துத் தரவு வட்டுக்களுக்கு ஒரு சமத்தன்மை வட்டு என்ற விகிதத்தில் 110 வட்டுக்களை அமைத்தால், தரவு அழிவதற்கு ஒரே குழுவில் இரண்டு வட்டுக்கள் ஒருங்கே பழுதுறவேண்டும். அதற்கான சராசரிக் காலம் 8,20,000 மணித்தியாலம், அதாவது தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் என அவர்கள் கணித்தனர். இரண்டு வாரம் தொண்ணூறு ஆண்டாயிற்று! கட்டுரையின் வெற்றிக்கு இவ்வெண்ணே பெருங்காரணம் எனலாம்.

அந்த எண் எவ்வாறு பெறப்பட்டது? 30,000ஐ அதனாலேயே பெருக்கி, வட்டுக்களின் தொகையாலும் குழுவிலுள்ள ஏனைய வட்டுக்களின் தொகையாலும் வகுத்து, இறுதியாகப் பழுதுபார்க்கும் நேரத்தாலும் வகுக்கவேண்டும். பழுதுபார்க்கும் நேரமென அவர்கள் கொண்டது ஒரு மணித்தியாலம். ஒன்றால் வகுப்பதால் எதுவும் மாறுவதில்லை. ஆதலால் வாசிப்போர் கண்ணுக்கு அவ்வெண் தென்படாமலே போய்விடுகின்றது. அதனிடத்தில் 24ஐ இட்டுப் பார்த்தால் தொண்ணூறு ஆண்டு நான்கு ஆண்டுக்கும் சற்றுக் குறைந்ததாகச் சுருங்கிவிடும்.

ஒரு மணித்தியாலம் என்பது அன்று நியாயமற்ற எடுகோள் அன்று. கொனர் வட்டிலிருந்து செக்கனுக்கு ஒரு மெகாபைற்று வாசிக்கலாம். ஆகவே முழு வட்டையும் நூறு செக்கனில் வாசித்து முடிக்கலாம். எஞ்சிய ஏறத்தாழ 58 நிமிடங்கள், பழுதை அறிந்து, மாற்று வட்டை எடுத்துவந்து, சரியான இடத்திற் செருகுவதற்குப் போதியன. பின்னர் நிகழ்ந்ததை ஒரு எளிய ஒப்பீட்டாற் காட்டலாம். இன்று கடையில் வாங்கக்கூடிய 20 ரெராபைற்று வட்டின் கொள்ளளவு அந்தக் கொனர் வட்டினதைப்போல் 2,00,000 மடங்கு. வாசிக்கும் வேகமோ சராசரியாகச் செக்கனுக்கு 200 மெகாபைற்று என்று கொண்டால் 200 மடங்கு மாத்திரமே. நூறு செக்கன் வேலை ஓரிலட்சம் செக்கன் வேலையாயிற்று; ஏறத்தாழ 28 மணித்தியாலம். அதுவும் வேறெந்தப் பணியுமின்றி அணி ஓய்ந்திருந்தால். பகலில் அலுவலகம் இயங்கிக்கொண்டிருக்க, இடையிடையே மீட்பு நடைபெறுமாயின் சில நாட்களும் செல்லும்.

ஒரு தட்டில் தரவை நெருக்கி எழுதும் அடர்த்தி ஈர்திசையிலும் வளர்கின்றது. வாசிக்கும் வேகமோ தடத்தின் நீளத்திசை வளர்ச்சியால் மாத்திரமே பயனடைகின்றது. தட்டுச் சுழலும் வேகமும் பெரிதாக மாறவில்லை. எனவே இவ்விடைவெளி தற்செயலானதன்று. தொழினுட்பத்தின் இயல்பிலேயே அது வேரூன்றியது. 1988இல் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவாக இருந்த வாசிப்பு நேரம் இன்று ஏறத்தாழ முழுநேரமுமாகிவிட்டது.

நேரம் நீண்டமை ஒருபுறமிருக்க, கணக்கின் மற்றோர் எடுகோளும் ஆட்டங்கண்டது. வட்டுக்கள் ஒன்றையொன்று சாராமற் பழுதுறும் என்பதே அது. நாணயத்தை இருமுறை சுண்டும்போது முதலாவது விளைவு இரண்டாவதைப் பாதிக்காது என நிகழ்தகவியலிற் படிக்கின்றோம். வட்டுக்கள் நாணயங்கள் அல்ல. ஒரே நாளில், ஒரே பெட்டியில் வாங்கப்பட்டு, ஒரே அலமாரியில், ஒரே வெப்பத்தில், ஒரே மின்னிணைப்பில், ஒரே வயதுடன் உழைப்பவை. பேர்க்கிலி மூவருள் ஒருவரான காத் கிப்சனே, பியாங்கா ஷ்றோடருடன் இணைந்து 2007இல் ஏறத்தாழ ஓரிலட்சம் வட்டுக்களின் பதிவுகளை ஆராய்ந்து, உற்பத்தியாளர் கூற்றின்படி ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்கவேண்டிய மாற்றுவீதம் நடைமுறையில் இரண்டு முதல் நான்கு வரை பொதுவாக இருந்ததையும், சிலவிடங்களில் பதின்மூன்றைத் தொட்டதையும் காட்டினார். ஒரு வட்டுப் பழுதுற்ற பின் அடுத்ததும் விரைவிற் பழுதுறும் வாய்ப்புக் கூடுகின்றது என்பதும் அவ்வாய்வின் முடிபுகளுள் ஒன்று. தாம் இளமையில் எழுதிய கணக்கைத் தாமே பத்தொன்பது ஆண்டுகளின் பின் திரும்பிப் பார்த்து அளந்தறிந்த இவ்வாய்வுப் பண்பு மதிக்கத்தக்கது.

இதன் உச்ச எடுத்துக்காட்டு 2019 நவம்பரில் வெளிப்பட்டது. ஹியூலற் பக்கார்ட் என்ரர்பிறைஸ் நிறுவனம் விற்ற சில திண்மநிலைச் சேமிப்பகங்கள் 32,768 மணித்தியாலம் இயங்கியதும் செயலிழந்துவிடும் என அந்நிறுவனம் அறிவித்தது. இரண்டின் பதினைந்தாம் அடுக்கே 32,768. உள்ளமைந்த நிகழ்ச்சிநிரலில் இருந்த எண்ணுதல் பிழையே காரணம். ஓர் அணியில் ஒரே நாளிற் பொருத்தப்பட்டவை யாவும் ஒரே நாளில் அவ்வெண்ணை எட்டும். அத்தகைய அணிக்குச் சமத்தன்மையால் யாது பயன்? றெயிட் என்ற பெயரிலுள்ள மலிவான என்ற சொல்லை 1990களில் வணிகர்கள் சுயாதீனமான என்று மாற்றிக்கொண்டனர். விலையுயர்ந்த பெட்டிக்கு மலிவு என்ற அடைமொழி பொருந்தவில்லை போலும். தற்செயலாகவோ என்னவோ, நிறுவப்படாத எடுகோளையே அவர்கள் பெயராகச் சூட்டிவிட்டனர்.

வட்டு முற்றாகச் செயலிழப்பதைவிட மறைவாக நிகழும் பழுதொன்றும் உண்டு. வட்டின் ஏதோவொரு மூலையில் சில எழுத்துக்கள் வாசிக்க இயலாதனவாகிவிடும். அம்மூலையை எவரும் வாசிக்காதவரை அது வெளிப்படாது. 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுக்களை 32 மாதங்கள் அவதானித்து, அவற்றுள் 3.45 வீதமானவற்றில் இத்தகைய மறைவான பழுது தோன்றியதைக் கண்டது. மேலே கூறிய புள்ளித்தாளை மீண்டும் எண்ணிப் பாருங்கள். கணிதப் புள்ளி அழிந்துள்ளது. அதனைக் காணக் கழித்துக்கொண்டே வருகையில் தமிழ்ப் புள்ளியும் கறைபட்டிருப்பது அப்போதுதான் தெரியவருகின்றது. வட்டு மாற்றம் தொண்ணூறு வீதம் சென்று நின்றுவிடும் நிகழ்ச்சிகளிற் பல இவ்வகையின. சில கட்டுப்படுத்திகள் அவ்வொரு துண்டை மாத்திரம் இழந்ததாகக் குறித்துக்கொண்டு தொடரும். வேறு சில முழு அணியையுமே கைவிட்டுவிடும். சிறு துண்டொன்றுக்காக முழுப் பதிவேட்டையும் எறியும் இப்பின்னைய வழக்கத்தை வடிவமைப்பின் குறை என்றே நான் கருதுகின்றேன். 2007 அளவில் ஒற்றைச் சமத்தன்மை அணிகள் 2009க்குப் பின் பயனற்றுப் போகுமென எச்சரிக்கை எழுந்தது. 10இன் பதினான்காம் அடுக்கான பிட்டுக்களுக்கு, அதாவது 12.5 ரெராபைற்றுக்கு ஒரு வாசிப்புப் பிழை என்ற உற்பத்தியாளர் கூற்றே அதற்கு ஆதாரம். அக்கூற்று உயர் வரம்பேயன்றிச் சராசரி அன்று. ஆதலால் எச்சரிக்கை சற்று மிகைப்பட்டது. ஆயின் சுட்டிய திசை சரியானது.

இனி மனிதனிடம் வருவோம். 1985இல் ரண்டெம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கிறே கணனிகள் ஏன் நிற்கின்றன என்ற வினாவுக்கு அந்நிறுவனத்தின் பதிவுகளைக் கொண்டு விடை தேடினார். வன்பொருட் பழுதின் பங்கு 18 வீதம். நிருவாகத்தினதும் பராமரிப்பினதும் பங்கோ 42 வீதம். வன்பொருளுக்கு மிகைமை அமைத்தாயிற்று. அதனைத் தொடும் கைக்கு அமைக்கவில்லை. பதினாறு ஆண்டுகளின் பின், பேர்க்கிலியில் ஆரன் பிறவுண் என்பவருடன் சேர்ந்து டேவிட் பற்றர்சன் ஒரு பரிசோதனை நடத்தினார். தொழினுட்பம் அறிந்த ஐவரிடம், மூன்று வெவ்வேறு இயக்கமுறைமைகளில் அமைந்த வட்டணிகளைக் கொடுத்து, பழுதுற்ற வட்டை மாற்றித் தரும்படி கேட்கப்பட்டது. செய்கைமுறை முன்னரே கற்பிக்கப்பட்டிருந்தது. நள்ளிரவும் இல்லை, மேலதிகாரியின் நெருக்குதலும் இல்லை. ஆயினும் மூன்று முறைமைகளிலும் தவறுகள் நிகழ்ந்தன. சில தடவைகளில் தரவு மீட்கவியலாதவாறு அழிந்தது. பழகப் பழகத் தவறுகள் அடியோடு நீங்கவும் இல்லை. 1988ஆம் ஆண்டுக் கணக்கில் மனிதனுக்கு இடமிருக்கவில்லை. அக்கணக்கை எழுதியவர்களுள் ஒருவரே 2001இல் அவனுக்கு இடமளித்தார்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே இதன் விளைவு எத்தகையது என்பதற்கு அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில் 2010 ஓகஸ்ட் 25ஆம் திகதி தொடங்கிய முடக்கம் சான்றாகும். மாநில அரசின் தரவு நிலையத்திலிருந்த பெருஞ்சேமிப்பு முறைமையொன்றில் நினைவகப் பலகையிற் பழுது தோன்றிற்று. அங்கு பழுதுற்றது வட்டன்று. ஆயின் ஒன்று பழுதுற்றால் மற்றையது தாங்கும் என்ற அதே தத்துவத்தின்படி பலகைகளும் மிகைமையுடனேயே அமைந்திருந்தன. பழுதன்று, பலகையை மாற்றும் செய்கையின்போது நேர்ந்த மனிதத் தவறே முடக்கம் நீண்டமைக்குக் காரணமாக இருக்கலாமெனப் பின்னர் கண்டறியப்பட்டது. 26 அரச நிறுவனங்கள் பாதிக்கப்பட்டன. சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் பணி ஏறத்தாழ ஒரு வாரம் நின்றது. தரவை நாடாக்களிலிருந்து மீட்கவேண்டியிருந்தது. வரிசையில் நின்று திரும்பியவர்களுக்கு மிகைமை, சமத்தன்மை என்பன வெறும் சொற்களே.

வட்டு மாற்றம் தோல்வியுறும் வழிகளை நோக்கினால், ஒவ்வொன்றின் பின்னும் இவ்வரலாற்றின் ஒரு சுவடு தெரியும். மிக இழிந்ததும் மிகப் பொதுவானதும் நல்ல வட்டைக் கழற்றிவிடுவது. கட்டுப்படுத்தி வட்டுக்களைச் சுழியத்திலிருந்து எண்ணும். பெட்டியின் முகப்பில் ஒன்றிலிருந்து எண் பொறிக்கப்பட்டிருக்கும். மூன்றாவது வட்டுப் பழுது எனத் திரையிற் கண்டவர் முகப்பில் மூன்றெனப் பொறித்ததை இழுக்கின்றார். பழுதுற்றதோ நான்காவது இடத்தில் இருக்கின்றது. ஒன்றை இழந்து தத்தளித்த அணி இப்பொழுது இரண்டை இழந்தது. அக்கணத்தில் பலர் செய்வது பதற்றத்தில் அதனை மீண்டும் செருகிப் புதிய அணியொன்றை ஆக்குமாறு கட்டளையிடுவது. கழற்றிய வட்டில் தரவு அப்படியே உள்ளது. ஆக்கும் கட்டளையே அதனை அழிக்கின்றது.

புதிய வட்டை அணி ஏற்க மறுப்பதும் உண்டு. ஒரே கொள்ளளவு எனச் சிட்டை கூறினும் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் சில ஆயிரம் துண்டுகள் வேறுபடும். சற்றே சிறிய வட்டில் பழைய வட்டின் தரவு அடங்காது. முன்னர் வேறோர் அணியில் இருந்த வட்டாயின், அதன் ஓரத்தில் பழைய அணியின் அடையாளம் எழுதப்பட்டிருக்கும். கட்டுப்படுத்தி அதனை அந்நியனாகவோ, சிலவேளை உரியவனாகவோ மயங்கிக் கொள்ளும். சாதாரண மேசைக் கணனிக்குரிய வட்டு வாசிக்க இயலாத துண்டொன்றைக் கண்டால் விடாது முயன்றுகொண்டே இருக்கும். தனியே இருக்கும் வட்டுக்கு அது நற்பண்பு. அணியிலோ, கட்டுப்படுத்தி சில செக்கன்களே பொறுத்திருந்து, விடையிறாத வட்டை இறந்ததாகக் கருதி நீக்கிவிடும். 2020 ஏப்பிரலில் மற்றொரு மறைபொருள் வெளியாயிற்று. சேமிப்பு அணிகளுக்கெனவே விற்கப்பட்ட சில வட்டுக்களில், கூரை ஓடுகளைப்போல் தடங்கள் ஒன்றன்மேலொன்று படியுமாறு எழுதும் முறை வாங்குவோருக்கு அறிவிக்கப்படாமலே கையாளப்பட்டிருந்தது. ஒரு தடத்தைத் திருத்த அயலிலுள்ளவற்றையும் மீள எழுதவேண்டும். அன்றாடம் இது தெரியாது. நாட்கணக்கில் இடைவிடாது எழுதும் மீட்பின்போது வட்டு மூச்சுத் திணறும். மாற்றுவதற்கென வாங்கிய வட்டே மாற்றத்தை முறித்தது.

பழுது வட்டிலேயே இல்லாதிருப்பது மிகவும் ஏமாற்றுவது. வடமோ, வட்டு பொருந்தும் பின்பலகையோ, மின்வழங்கியோ தளர்ந்திருக்கும். புதிய வட்டும் அதே இடத்தில் அதேபோல் வீழும். மூன்றாவது வட்டையும் வாங்கிய பின்னரே சிலர் இடத்தை ஐயுறுவர். ஒரு வட்டைக் குற்றஞ்சாட்டுமுன் அதன் உள்ளே பதிவாகியிருக்கும் பழுதுக் குறிப்பை வாசித்து, வாசிப்புப் பிழையா தொடர்புப் பிழையா எனப் பிரித்தறிவது ஐந்து நிமிட வேலைதான்.

ஆய்வாளர்கள் வாளாவிருக்கவில்லை. இரண்டு வட்டுக்கள் ஒருங்கே அழிந்தாலும் தாங்கும் இரட்டைச் சமத்தன்மை முறைகளுக்கு 1995இலும் 2004இலும் சிறந்த வடிவங்கள் வெளியாயின. அவற்றின் கணித வேர் 1960ஆம் ஆண்டு றீட், சொலமன் இருவரும் எழுதிய கட்டுரை வரை செல்லும். மீட்பின் நடுவே மறைவான பழுதொன்று எதிர்ப்படின் இரண்டாவது சமத்தன்மை கைகொடுக்கும். ஓய்ந்த வேளைகளில் வட்டுக்கள் முழுவதையும் வாசித்து மறைவான பழுதுகளை முன்கூட்டியே வெளிக்கொணரும் வழக்கமும் நிலைபெற்றது. எனது மதிப்பீட்டில் இவற்றுள் மலிவானதும் பயன்மிக்கதும் இப்பின்னையதே. கூடுதலாகப் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. சமத்தன்மையை ஒரு குழுவுக்குள் அடக்காது பெருந்தொகையான வட்டுக்களிற் பரப்பிவிடும் முறையை மார்க் ஹொலண்டும் காத் கிப்சனும் 1992இல் ஆராய்ந்தனர். அதன்படி ஒரு வட்டை மீட்கும் சுமையை எல்லா வட்டுக்களும் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்வதால் மீட்பு நேரம் வெகுவாகக் குறையும். பெருந்தரவு நிலையங்கள் பிரதிகளையும் குறிமுறைகளையும் பல கணனிகளில் பரப்பி வைக்கின்றன. அங்கு ஒரு வட்டின் இறப்பு அவசரச் செய்தியன்று.

அவ்வசதி இல்லாத இடங்களே உலகில் அதிகம். ஒரு பீடத்தின் மூலையில், ஒரு வைத்தியசாலையின் பதிவறையில், ஆறு வட்டுக்கள் கொண்ட பெட்டியொன்று பல ஆண்டுகளாக ஓசையின்றி இயங்கிக்கொண்டிருக்கும். அதனை அமைத்தவர் மாற்றலாகிச் சென்றிருப்பார். ஒரு நாள் மஞ்சள் விளக்கு எரியும். அவ்வேளையில் முதலில் செய்யவேண்டியது வட்டை இழுப்பதன்று. வாசிக்க முடியுமளவு தரவை வேறிடத்திற் பிரதிபண்ணுவதாகும். அதன் பின்னர் எந்த வட்டு என்பதைத் தொடரிலக்கங் கொண்டு அறியவேண்டும். அத்தொடரிலக்கமோ வட்டின் உடலில், செருகியிருக்கும்போது கண்ணுக்கெட்டாத பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஆதலால், பெட்டியைப் பொருத்தும் நாளிலேயே ஒவ்வொரு வட்டின் இலக்கத்தையும் சிறு காகிதத்தில் எழுதி அதன் முகப்பில் ஒட்டிவிடும் வழக்கமுடைய பராமரிப்பாளர்களும் உளர்.